கணுக்கால் ஆழத் தண்ணீர்

கொடைக்கானலுக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் தான் பார்த்த பறவைகளின் பட்டியலை எனக்கு அனுப்பியிருந்தார். தினமும் விடிந்ததும் ஏரியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறார். ஆனால் பட்டியலில் தண்ணீர்ப் பறவை என்று தேடினால் முக்குளிப்பான், நீர்க்காகம், மீன்கொத்தி, ஓரத்துக் கல்லில் வாலை ஆட்டிக்கொண்டு நின்ற சாம்பல் வாலாட்டி, அவ்வளவுதான். மற்றதெல்லாம் மரத்திலும் புதரிலும் பார்த்தவை. "இவ்வளவு பெரிய ஏரி, சுத்தி இவ்வளவு பச்சை, தண்ணியில மட்டும் ஏன் இவ்வளவு கம்மி? நம்ம ஆவடிப் பக்கத்து ஏரியில இதைவிட அதிகமா பார்க்கிறோமே!" என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது கொடைக்கானலை விட்டு இறங்கி, ஆவடிப் பக்கத்து எங்கள் வெள்ளானூருக்கு வந்துவிட்டது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் மலை. கொடைக்கானல் ஏரி தானாக உண்டானது அல்ல. மதுரையில் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டு உண்டாக்கியது. பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். ஊட்டி ஏரியும் அப்படித்தான், 1820களில் ஜான் சலிவன் காலத்தில் வெட்டியது. மலைப் பள்ளத்தாக்கில் தண்ணீரைத் தேக்கினால் அது கரையிலிருந்தே சரேலென்று ஆழமாகிவிடும். படகு விட அருமையான இடம். மூழ்கி மீன் பிடிக்கிற பறவைக்கும் பரவாயில்லை. நடந்து மேய்கிற பறவைக்குத்தான் அங்கே கால் வைக்க இடமில்லை. மலையில் பறவை பார்க்கப் போகிறவர்கள் அதனால்தான் ஏரிக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும். பழனி மலையின் சோலைக்காடுகளில் பழனிச் சிரிப்பான், வெண்வயிற்றுச் சோலைக்கிளி, நீலகிரி ஈப்பிடிப்பான், கறுப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான் என்று உலகத்தில் வேறெங்கும் இல்லாத, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே சொந்தமான பறவைகள் இருக்கின்றன. அங்கே சொத்து மரத்தில் இருக்கிறது. நமக்கோ தண்ணீரில்.

தண்ணீரில் என்பதைக் கொஞ்சம் திருத்திச் சொல்லவேண்டும். தண்ணீரின் ஓரத்தில்.

நம் பக்கத்து ஏரிகளை யார் எப்போது வெட்டினார்களோ, வெட்டியவர்களுக்கு நிலத்தின் சாய்வு கைவிரல் ரேகை மாதிரி தெரிந்திருந்தது. திருவள்ளூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரமெல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிற நிலம். அதனால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம்தான் இருக்கும், பிறை வடிவத்தில். மதகும் கலங்கலும் அந்தக் கரையில். மேற்கே கரையே கிடையாது. அந்தப் பக்கம் வரத்துக் கால்வாய் வந்து சேரும். தண்ணீர் நிலத்தின்மேல் அப்படியே பரவி, முழங்கால், கணுக்கால், ஈரம், புல் என்று ஒன்றுமில்லாமல் முடியும். எங்கே ஏரி முடிந்து நிலம் தொடங்குகிறது என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது. மழை நன்றாகப் பெய்த நவம்பரில் ஒரு இடம், மார்ச்சில் வேறொரு இடம்.

அந்தச் சொல்ல முடியாத ஓரம்தான் பறவைகளின் ஊர்.

ஏன் என்று கேட்டால் காலை அளந்து பார்த்தால் போதும். கொசு உள்ளான் என்று ஒரு பறவை. எடை சுமார் 25 கிராம், நம் ஊர்ச் சிட்டுக்குருவி அளவுதான். கோடையில் ரஷ்யாவின் வடகோடி ஆர்க்டிக் வெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. அத்தனை தூரம் பறந்து வந்த அதற்குத் தேவையான தண்ணீரின் ஆழம் இரண்டு மூன்று சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் அது நிற்காது, பறந்துவிடும். பொரி உள்ளானுக்கு இன்னும் கொஞ்சம். நெடுங்கால் உள்ளானுக்கு அந்தச் சிவப்புக் கால் இருப்பதால் ஒரு சாண் வரைக்கும் போகும். நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் முழங்கால் ஆழத்தில் சேற்றைத் துழாவும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து மாதிரி வலசை வாத்துகள் மூழ்குவதில்லை. தலையைக் கவிழ்த்து, வாலை வானத்துக்குத் தூக்கி, கழுத்து எட்டுகிற ஆழத்தில் மேய்பவை. ஒன்றரை அடிக்கு மேல் போனால் அடிமண் எட்டாது. எஞ்சிய ஆழமான தண்ணீர் கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் முக்குளிப்பானுக்கும். ஆழம் ஒவ்வொரு அங்குலம் மாறும்போதும் சாப்பிடுகிற ஆள் மாறுகிறார்.

ஆக ஒரு ஏரியில் எத்தனை வகைப் பறவை இருக்கும் என்பதைத் தண்ணீரின் பரப்பு மட்டும் முடிவு செய்வதில்லை, அந்தத் தண்ணீர் எவ்வளவு மெதுவாக ஆழமாகிறது என்பதும் சேர்ந்து முடிவு செய்கிறது. பறவைகளுக்குப் பேர்போன வேடந்தாங்கல் ஏரி ஏறத்தாழ 74 ஏக்கர்தான். ஆவடி பருத்திப்பட்டு ஏரி அதைவிடப் பெரியது, ஏறத்தாழ 87 ஏக்கர். முதன்முதலில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை.

பருத்திப்பட்டுக்கு வருகிறேன். வெள்ளானூரிலிருந்து ஆவடி வழியாகப் போனால் பூந்தமல்லி சாலையில் இருக்கிறது. குப்பையும் கழிவுநீரும் ஆகாயத்தாமரையுமாகக் கிடந்த ஏரியைச் சீரமைத்து, 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். நடைபாதை, பிள்ளைகள் விளையாட இடம், படகு, உட்கார இருக்கைகள் எல்லாம் வந்தன. இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. முன்பு அந்த ஏரியை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன ஆவடிக்காரர்கள் இன்று குடும்பத்தோடு வந்து கரையில் உட்காருகிறார்கள். ஊர் தன் ஏரியைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தால்தான் அந்த ஏரி பிழைக்கும். ஆக்கிரமிப்புக்குப் பூங்கா வேலியைவிடப் பெரிய தடுப்பு இல்லை. பிளாட் போட்டு விற்றுத் தீர்த்த ஏரிகளின் மேல்தான் நம்மில் பாதிப்பேர் வீடு கட்டிக் குடியிருக்கிறோம்.

பறவையும் அங்கே இருக்கிறது. கூழைக்கடாக்கள் சில சமயம் சேர்ந்து வரிசை கட்டி மீனை ஓரம் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைக்கும். நாமக்கோழிகள் தலையாட்டிக்கொண்டே நீந்தும். முக்குளிப்பான் கண்ணெதிரே மூழ்கி வேறெங்கோ எழும். குளிர்காலத்தில் மீசை ஆலாக்கள் தண்ணீருக்கு மேல் ஓர் அடி உயரத்தில் தத்தித் தத்திப் பறந்து அலகால் மேற்பரப்பைக் கொத்தும். புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. நடக்க வசதி, பறவைகள் மனிதருக்குப் பழகியவை, பெரிய பெரிய பறவைகள். பெண்களும் பெரியவர்களும் பயமில்லாமல் பைனாகுலரோடு நிற்கலாம். காட்டோரத்து ஏரியில் தனியாக நிற்க எல்லாராலும் முடியாதே.

ஆனால் அந்தப் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். எல்லாம் நீந்துகிறவை, மூழ்குகிறவை, மேலே பறந்தபடி பிடிக்கிறவை. நடந்து மேய்கிறவை குறைவு. கொடைக்கானல் பட்டியலின் அதே சாயல்! மலை ஏரிக்கு அந்தச் சாயல் பிறவியிலேயே வந்தது. சமவெளி ஏரிக்கு நாம் அதைக் கொடுக்கிறோம்.

ஏரியைப் பூங்காவாக்கும்போது பொதுவாக நடப்பது இதுதான். பருத்திப்பட்டு என்றில்லை, சென்னையைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி வேலை. சுற்றிலும் நடைபாதை வேண்டும், அதனால் கரை இல்லாத பக்கமும் கரை எழும்புகிறது. கரை அரிக்காமல் இருக்கக் கல் பதிக்கிறார்கள். கொள்ளளவைக் கூட்டத் தூர்வாருகிறார்கள், ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே மட்டமாக. சாய்த்து வைத்த தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி இருந்த ஏரி, நாலு பக்கமும் சுவர் உள்ள தொட்டியாகிவிடுகிறது. படகு ஓட வேண்டுமென்பதால் வருஷம் முழுக்கத் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கவேண்டியிருக்கிறது. கணுக்கால் ஆழம் என்று ஒன்று அங்கே எந்த மாதத்திலும் இல்லை.

நடுவில் பறவைகளுக்கென்று திட்டு அமைப்பதும் வழக்கம். நல்ல எண்ணம், நல்ல யோசனை. ஆனால் திட்டின் பக்கங்களைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் அது உட்கார்ந்து இறகு கோத மட்டுமே உதவும். அதே மண்ணைச் சரிவாக, தண்ணீருக்குள் நீண்டு போகிற மாதிரி கொட்டினால் அந்தத் திட்டைச் சுற்றி ஒரு சேற்று வளையம் கிடைக்கும். செலவு ஒன்றும் பெரிதாகக் கூடிவிடாது. திட்டில் அலங்காரச் செடிக்குப் பதில் கருவேல மரம் வைத்தால் பத்து வருஷத்தில் கூடு கட்டவும் வரலாம். வேடந்தாங்கலில் தண்ணீருக்குள் நிற்கிற கருவேலத்திலும் நீர்க்கடம்பிலும்தான் அத்தனை கூடுகளும்.

தண்ணீர் வற்றுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். நகரத்து மக்களுக்கு வற்றின ஏரியைப் பார்த்தால் மனசு பதறுகிறது. 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதற்றம் வருவது நியாயம்தான். ஆனால் குடிதண்ணீர் ஏரி வறண்டுபோவது வேறு, ஊர் ஏரி மாசியிலும் பங்குனியிலும் மெல்ல உள்வாங்குவது வேறு. அப்படி உள்வாங்குகிற ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு பட்டை சேறு வெளியே வருகிறது. அதில் புழு, நத்தை, பூச்சியின் இளம்புழு எல்லாம் நிறைந்திருக்கின்றன. வடக்கே திரும்பப் போகிற உள்ளான்கள் கொழுப்பு ஏற்றிக்கொள்வது அந்தச் சமயத்தில்தான். அந்தக் கொழுப்புதான் அவற்றின் வழிச்சோறு. எனக்கு ஏரி பார்க்கப் பிடித்த மாதம் எது என்று கேட்டால் நிரம்பி வழிகிற டிசம்பரைச் சொல்லமாட்டேன். பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் பாதி.

எங்கள் வெள்ளானூர்ப் பக்கத்து ஏரிகள் எதற்கும் இன்னும் பெரிய பூங்கா வரவில்லை. மோரை, அலமாதி, பாண்டேஸ்வரம் என்று வடக்கே போகப் போக இன்னும் வயலும் ஏரியும் மாறி மாறி வருகின்றன, நடுநடுவே கல்லூரிக் கட்டடங்களும் மனைப்பிரிவுப் பலகைகளும். இங்கே ஏரியின் மேற்கு ஓரத்தில் மாடு மேயும். மாடு மேய்வதால் புல் குட்டையாக இருக்கும், குளம்படிக் குழிகளில் தண்ணீர் தேங்கும், அதில் மஞ்சள் வாலாட்டிகள் ஓடி ஓடிப் பூச்சி பிடிக்கும், மாட்டுக்குப் பக்கத்திலேயே உண்ணிக்கொக்குகள் நடக்கும். பூங்காக் கண்ணோடு பார்த்தால் இது பராமரிப்பு இல்லாத இடம். பறவைக் கண்ணோடு பார்த்தால் மிக நன்றாகப் பராமரிக்கப்படுகிற இடம்.

மாடு ஓட்டிவருகிற பெரியவர் ஒருவரிடம் நத்தைகுத்தி நாரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். "அதா தம்பி? மூக்கு நடுவுல ஓட்ட இருக்குமே. அது கூட்டமா எறங்குனா தண்ணி கொறைய ஆரம்பிச்சுடுச்சின்னு அர்த்தம். நாங்க ஏரிக்கு வந்து பார்க்கவே வேணாம்" என்றார். அலகு இரண்டும் நடுவில் சேராமல் நிற்கிற அந்த இடைவெளி குஞ்சுக்கு இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும். இதைச் சொன்னதும் அவர் சிறிது நேரம் அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இளம் பறவை எது என்று அவரே தேட ஆரம்பித்துவிட்டார்.

அல்லியும் தாமரையும் உள்ள ஓரம் இருந்தால் இலைக்கோழியைத் தேடுங்கள். நீளவால் இலைக்கோழிக்கு விரல்கள் அசாதாரண நீளம், மிதக்கிற இலைமேல் நடந்துபோகும். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஜோடி தேடிப் போய்விடும், அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான். முக்குளிப்பானின் கூடு மிதக்கும் பாசிக் குவியல். எழுந்துபோகும்போது முட்டைகள் மேல் பாசியை இழுத்து மூடிவிட்டுப் போகும். இந்தக் கூடுகளெல்லாம் நீர்ச்செடி உள்ள ஓரத்தில்தான் சாத்தியம். ஆகாயத்தாமரையை அகற்றவேண்டும், சந்தேகமில்லை. அதை அகற்றுகிற அதே இயந்திரம் சம்பையையும் கோரையையும் அல்லியையும் சேர்த்து வழித்துவிடுவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பறவைகளின் நிலைமை நாட்டளவில் எப்படி இருக்கிறது என்று 2023இல் ஒரு அறிக்கை வந்தது. இந்தியப் பறவைகளில் 942 வகைகளை ஆராய்ந்து, 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் தேவை என்றார்கள். நெடுந்தூரம் வலசை வருகிற கரையோரப் பறவைகளும் சில வாத்துகளும் அதிகமாகக் குறைந்துவருகின்றன. அந்த அறிக்கைக்கு ஆதாரம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண பறவை ஆர்வலர்கள் இ-பேர்ட் தளத்தில் போட்ட பட்டியல்கள். ஆவடியிலும் அம்பத்தூரிலும் இருந்து போன பட்டியலும் அதில் இருக்கும். அதனால்தான் பார்ப்பதோடு நிறுத்தாமல் எழுதி வையுங்கள் என்று எல்லாரிடமும் கேட்கிறேன்.

மக்கள் சொன்னால் ஏரி காப்பாற்றப்படும் என்பதற்கு நம் மாவட்டங்களிலேயே பழைய சான்று இருக்கிறது. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அந்த விவசாயிகள் கண்கூடாகப் பார்த்திருந்தார்கள். நமக்கு வயல் இல்லை. நாம் சொல்லவேண்டிய காரணம் வேறு. மேற்கு ஓரத்துப் பள்ளநிலம் மழைக்காலத்தில் உபரித் தண்ணீரை வாங்கிப் பரப்பி வைத்துக்கொள்ளும் இடமும்கூட. அங்கே கரை எழுப்பி ஏரியைச் சுருக்கினால் அந்தத் தண்ணீர் அடுத்த தெருவுக்கு வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அதனால் உங்கள் ஊர் ஏரிக்குப் பூங்கா வருகிறது என்று கேள்விப்பட்டால் எதிர்க்காதீர்கள். நடைபாதை மூன்று பக்கம் போதும் என்று கேளுங்கள். தண்ணீர் வந்து சேர்கிற பக்கத்தைக் கரை போடாமல், கல் பதிக்காமல், தூர்வாராமல் சரிவாக விடச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் படகு வராமல் ஒரு மிதவைக் கயிறு கட்டச் சொல்லுங்கள். விளக்குக் கம்பங்களை அங்கே நடவேண்டாம் என்று சொல்லுங்கள். சீழ்க்கைச் சிறகிகள் பகலில் ஓய்வெடுத்து இரவில் மேய்கிறவை, வெளிச்சம் அவற்றை விரட்டிவிடும். ஏற்கெனவே தொட்டியாகிவிட்ட ஏரியிலும் ஒரு மூலையில் பத்து லாரி மண்ணைச் சரிவாகக் கொட்டினால் அடுத்த குளிர்காலத்திலேயே உள்ளான்கள் வந்து பார்க்கும். இது பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை.

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். காலையில் கிழக்குக் கரையில் நில்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், தண்ணீரிலுள்ள பறவைகளின் நிறம் அப்படியே தெரியும். அதே இடத்தில் மாலையில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல்தான். பைனாகுலர் வாங்குவதானால் எட்டு மடங்கு பெருக்கம் போதும். அதற்கு மேல் போனால் கை நடுங்குவதும் சேர்ந்து பெருகும். பெயர் தெரியாத பறவையின் படத்தையோ குரலையோ மெர்லின் செயலியில் கொடுத்தால் உதவும், ஆனால் அது சொன்னதை உங்கள் கண்ணால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரொட்டியும் பொரியும் போடாதீர்கள். ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் அதன் முட்டை உங்கள் காலடியில் எங்கோ இருக்கிறது, வந்த வழியே திரும்பி நடந்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். ஒரு இடத்தில் குறைந்தது கால் மணி நேரம் நின்று, பார்த்த பறவைகளை எல்லாம் எண்ணி இ-பேர்டில் ஏற்றினால் போதும். வருகிற பொங்கலுக்கு நான் இரண்டு இடத்திலும் எண்ணப் போகிறேன். ஒருநாள் பருத்திப்பட்டு நடைபாதையில், ஒருநாள் வெள்ளானூர் ஏரியின் மேற்கு ஓரத்தில். நீங்கள் எண்ணும்போது பட்டியலின் குறிப்புப் பகுதியில் இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள்: தண்ணீர் எதுவரை நிற்கிறது, சேறு எந்தப் பக்கம் தெரிகிறது, எத்தனை அடி அகலம். முடிந்தால் மாதம் ஒருமுறை அதே இடத்திலிருந்து அதே ஓரத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள். பூங்காவுக்கு வரைபடம் போடுகிறவர்கள் வரும்போது, எந்த ஓரத்தை விட்டுவைக்கவேண்டும் என்று காட்ட நம் கையில் அது இருக்கட்டும்.